அந்தியூர் சந்தையில் இட்டேரிக்கு ஒரு குதிரை

செவ்வாய் இரவு

சித்தப்பாவின் குதிரை சுல்தானை இறக்கிக் கட்டி, தண்ணி காட்டி, கால்களைத் தடவிப் பார்த்தாகிவிட்டது, எங்கும் வீக்கமோ சூடோ இல்லை. காங்கேயத்திலிருந்து பெருந்துறை, பவானி வழியாக ஐஷர் வண்டியில் மெதுவாகத்தான் வந்தோம். குதிரை ஏற்றிய வண்டியில் ஒவ்வொரு பிரேக்குக்கும் அது தன் நான்கு கால்களால் ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் டிரைவர் நல்லவராக அமைந்தால் பாதிக் கவலை விட்டது. வண்டித் தளத்தில் மணல் கொட்டி அதன்மேல் வைக்கோல் பரப்பியிருந்தோம், வழுக்கவே இல்லை.

அந்தியூரை ஒட்டிய புதுப்பாளையத்தில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழா நாளைக்குத்தான் தொடங்குகிறது, ஆனால் குதிரைக்காரர்களுக்கு இன்றைக்கே சந்தை தொடங்கிவிட்டது. நல்ல இடம் பிடித்துக் கூடாரம் போட்டவர்கள் போட்டபடி இருக்க, இன்னும் வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. திப்பு சுல்தான் தன் படைக்குக் குதிரை எடுத்த சந்தை இது என்று ஊரில் சொல்வார்கள்.

நாங்கள் வந்தது இரண்டு வேலைக்கு. சித்தப்பாவின் சுல்தானை (ராஜஸ்தானின் மார்வாரி இன ஆண் குதிரை) விற்க வேண்டும், அந்தப் பணத்தில் அவர் தினமும் ஏறிப் போக இன்னொரு குதிரை வாங்க வேண்டும். அவருக்கு ஓட்டப் பந்தயமும் வேண்டாம், ஊர்வலமும் வேண்டாம். எங்கள் பக்கம் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே இட்டேரி என்கிற மண் தடம் போகும், இரண்டு பக்கமும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் மேயும் மாடுகளும். அந்தத் தடங்களில் காலையில் கிளம்பினால் தார் ரோட்டில் கால் வைக்காமலேயே மணிக்கணக்கில் போகலாம். இப்படி மண் தடத்திலும் வாய்க்கால் கரையிலும் நெடுந்தூரம் குதிரையில் போவதை வெளிநாட்டில் டிரெயில் ரைடிங் என்கிறார்கள், அதற்கென்றே குதிரை பழக்குகிறார்கள், அதற்கென்றே தனிச் சந்தை இருக்கிறது. நம்மிடம் தடம் இருக்கிறது, குதிரையும் இருக்கிறது, ஆனால் இதற்கென்று யாரும் குதிரையைப் பழக்கி விற்பதில்லை. நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

சுல்தான் மோசமான குதிரை இல்லை. 15.1 கை உயரம் (ஒரு கை என்பது 4 அங்குலம், புள்ளிக்கு அடுத்து வருவது மிச்ச அங்குலம், ஆக 61 அங்குலம்), நான்கு காலும் வெள்ளை, நெற்றியில் நாமம், பஞ்சகல்யாணி. பார்த்தவர்கள் நின்று பார்ப்பார்கள். ஆனால் தனியாகத் தடத்தில் விட்டால் இன்னொரு குதிரையைத் தேடிக் கனைத்துக்கொண்டே வருகிறது, வேலிக்குள்ளிருந்து மயில் எழும்பினால் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. சித்தப்பாவுக்கு 62 வயது. "எனக்கு இது பத்தாது அம்மிணி, இதுக்கும் நான் பத்தாது" என்று அவரேதான் சொன்னார்.

புதன்

காலை வெளிச்சம் வரும் முன்பே கிளம்பிச் சந்தையை ஒரு சுற்று சுற்றினோம். குதிரையை அதன் இயல்பில் பார்க்க இதுதான் நேரம். ஒன்பது மணிக்கு மேல் ஒவ்வொரு குதிரையும் குளித்து, எண்ணெய் மினுக்கி, கொஞ்சம் ஓடி அலுத்து, காட்டுவதற்குத் தயாராக நிற்கும். விடியலில் எந்தக் குதிரை படுத்திருக்கிறது, எது கட்டுத்தறியில் இடமும் வலமும் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறது, எது மரக்கட்டையைக் கடித்துக் காற்றை விழுங்குகிறது, எது எழுந்ததும் முதல் நாலு அடி நொண்டிவிட்டு அப்புறம் சரியாகிறது, எல்லாம் தெரியும். ஆடுவதும் கட்டை கடிப்பதும் நாளெல்லாம் ஒரே இடத்தில் கட்டிப்போட்டதால் வரும் பழக்கம், லேசில் போகாது.

மார்வாரியும் குஜராத்தின் கத்தியவார் இனமும்தான் அதிகம். காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற அழகை வரிசையாக நிற்கும்போது பார்க்க வேண்டும். வெள்ளை வெளேரென்று நொக்ரா குதிரைகள், சிந்தி என்று சொல்லிக் கட்டியிருந்தவை, ஓரமாகச் சிறு பிள்ளைகள் ஏறி இறங்கும் மட்டக்குதிரைகள். மத்தியானத்துக்குள் தவில் சத்தத்துக்கு முன்னங்கால் தூக்கி ஆடும் குதிரைகளைச் சுற்றித்தான் கூட்டம் நின்றது. விலையும் அங்கேதான் ஏறுகிறது. உயரம், நிறம், முடிச்சுழி, ஆட்டம், இந்த நாலுக்கும்தான் இங்கே பணம். நடைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. நடந்து காட்டச் சொல்லி இன்று கேட்டது நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன், கேட்டால் ஓட்டித்தான் காட்டுகிறார்கள்.

நாள் முழுக்கத் தடத்தில் போகும் குதிரை பத்தில் எட்டு பங்கு நேரம் நடக்கத்தான் போகிறது. அந்த நடை எப்படி? பின்னங்கால் குளம்பு, முன்னங்கால் வைத்த தடத்தின்மேலோ அதைத் தாண்டியோ விழ வேண்டும். தலை தளர்ந்து அசைய வேண்டும். கயிற்றை இழுக்காமலும் பின்தங்காமலும் பிடித்திருப்பவர் கூடவே வர வேண்டும். மார்வாரியிலும் கத்தியவாரிலும் சிலதுக்குப் பிறவியிலேயே ரேவால் நடை உண்டு, ஒரே பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் ஏறக்குறைய சேர்ந்து போகும், மேலே உட்கார்ந்தவர் குலுங்காமல் வெகுதூரம் போகலாம். பாலைவனத்தில் அந்தக் குதிரைகளை வளர்த்தவர்களுக்கு அதன் அருமை தெரிந்திருந்தது. நம் ஊரில் அதே குதிரையை வாங்கி வந்து ஆடப் பழக்குகிறோம், எனக்கு அதில் வருத்தம்தான்.

ஆடிக்காற்று இன்று எங்களுக்கு உதவியாக இருந்தது. கூடாரத்துத் தார்ப்பாய்கள் எல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தன. எந்தக் குதிரை ஒவ்வொரு அடிக்கும் துள்ளுகிறது, எது ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு வைக்கோலைத் தின்னப் போகிறது என்று நின்று பார்த்தாலே குணம் தெரிந்துவிடுகிறது. குணம் வாங்கிய பிறகு மாறும் என்று நம்பி வாங்கக் கூடாது. பழக்கினால் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். சித்தப்பா தன் டைரியில் ஏழெட்டுக் குதிரைகளைக் குறித்துக்கொண்டார், எதையும் விலை கேட்கவில்லை. முதல் நாளே விலை கேட்டால் தரகர்கள் பின்னாலேயே வருவார்கள்.

அந்திக்கு மேல் தேர் பார்க்கப் போனோம். மகமேரு தேரைத் தோளில் தூக்கி வனக்கோயிலுக்குக் கொண்டு போகிறார்கள், அந்த உயரம் தலைக்கு மேல் அசைந்து வரும்போது கூட்டத்தோடு கூட்டமாக நானும் கை கூப்பினேன். சித்தப்பா சுல்தானுக்காக வேண்டிக்கொண்டாராம், நல்ல இடத்துக்குப் போகட்டும் என்று.

வியாழன்

விற்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, வாங்குவதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். இன்று முழுக்க விற்கிற வேலை.

சுல்தானுக்குக் காலையிலிருந்தே ஆள் வந்தபடி இருந்தார்கள். பஞ்சகல்யாணி என்பதால் சும்மா கைவைத்துப் பார்த்துவிட்டுப் போனவர்களே ஏராளம். சித்தப்பா கேட்டது 3,00,000. முதலில் உருப்படியாக வந்தவர்கள் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் இரண்டு பேர். 2,40,000 வரை வந்துவிட்டார்கள், கையில் ரொக்கமும் இருந்தது. ஆனால் அவர்களுடைய பைக்குள் கிடந்த கடிவாளத்தை எடுத்துப் பார்த்த சித்தப்பாவின் முகம் மாறிவிட்டது. வாய்க்குள் போகும் இரும்பில் வரிசையாக முள் வைத்தது. இழுத்தால் நாக்கும் கடைவாயும் கிழியும், அந்த வலிக்குப் பயந்துதான் குதிரை கழுத்தை வளைத்து ஆடுகிறது. 1965ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளிலேயே முள் கடிவாளத்துக்குத் தடை இருக்கிறது, இருந்தும் இன்றுவரை சந்தைகளில் கிடைக்கிறது. சித்தப்பா அதைத் திருப்பி அவர்கள் கையில் கொடுத்து, "மன்னிச்சுக்கோங்க தம்பி, இதைப் போடற கைக்கு நான் குடுக்க முடியாதுங்க" என்றார். அவர்கள் விலையை இன்னும் பத்து ஏற்றிப் பார்த்தார்கள், தரகர் எங்களைக் கோபமாகப் பார்த்தார். சித்தப்பா அசையவில்லை.

மத்தியானம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒருவர் மகனோடு வந்தார். தோப்பில் ஏற்கெனவே மூன்று பெட்டைக் குதிரைகள் வைத்திருக்கிறார், இனவிருத்திக்கு ஒரு நல்ல ஆண் குதிரை தேடுகிறார். சித்தப்பா அவரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார்: தனியாகப் போகாது, பஸ் ஹாரனுக்குச் சுழலும், இடது பின்னங்காலைத் தூக்கினால் முதலில் உதறும், லாடம் அடிக்கிறவர் பழகின ஆளாக இருக்கணும், பெட்டைக்குதிரை பக்கத்தில் இருந்தால் கவனம் இங்கே இருக்காது. தரகர் குறுக்கே விழுந்து பேச்சை மாற்றப் பார்த்தார். வாங்க வந்தவர், "ஏனுங்க, இவ்வளவையும் நீங்களே சொல்றீங்களே" என்று கேட்டார். "நாளைக்கு உங்க பையன் ஏறுவான்ல" என்றார் சித்தப்பா.

விற்கும் குதிரையின் குறையைச் சொல்வதை நஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. மறைத்து விற்ற குதிரை ஒருவரைத் தூக்கிப் போட்டால் அடி அவருக்கு, அடுத்த அடி குதிரைக்கு, அது கைமாறிக் கைமாறி ஒவ்வொரு தரமும் இன்னும் மோசமான இடத்துக்குத்தான் போகும். எந்த வேலைக்குச் சரி, எந்த வேலைக்கு ஆகாது என்று சொல்லி விற்றால் அது இருக்க வேண்டிய இடத்தில் போய் இருக்கும். சுல்தானுக்குக் கூட்டம் வேண்டும், அங்கே கூட்டம் இருக்கிறது.

விலை மட்டும் பழைய முறையில் நடந்தது. பெரியவரான இன்னொரு தரகர் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சித்தப்பாவின் கைமேல் போட்டு, உள்ளே விரல்களைப் பிடித்தார். லட்சமா பத்தாயிரமா என்பதை மட்டும் வாயால் சொல்வார், எண்ணிக்கை எல்லாம் விரலில். ஒரு விரல், அப்புறம் அதை விட்டு இரண்டு, மறுபடி ஒன்று. துண்டுக்கு வெளியே இரண்டு முகத்திலும் ஒன்றும் தெரியாது. அப்புறம் தரகர் எழுந்து அந்தப் பக்கம் போய் வாங்க வந்தவர் கைமேல் துண்டைப் போட்டார். மூன்று தடவை போய் வந்து 2,10,000க்கு முடிந்தது. ஊர்வலக்காரர்கள் கேட்டதைவிடக் குறைவுதான். சித்தப்பா ஐநூறு ரூபாயைத் திருப்பி அந்தப் பையன் கையில் கொடுத்து, சுல்தானுக்குக் கொள்ளு வாங்கச் சொன்னார்.

போகும்போது சுல்தான் இன்று தின்னும் தவிடு, கொள்ளு, காய்ந்த புல் எல்லாம் எந்த அளவு என்று எழுதிக் கொடுத்து, இரண்டு நாள் தீனியும் ஒரு சாக்கில் கட்டி அனுப்பினோம். தீனியைத் திடீரென்று மாற்றினால் குதிரைக்கு வயிற்றுவலி வந்து உயிரே போய்விடலாம், மாடு மாதிரி இல்லை, அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது. வாங்குகிறவர்கள் கேட்டு வாங்குங்கள், விற்கிறவர்கள் கேட்காமலே கொடுங்கள்.

வெள்ளி

குறித்து வைத்ததில் மூன்று நேற்றே விற்றுப்போயிருந்தது. ஒன்றுக்கு வலது முன்னங்கால் சரியில்லை. தார் ரோட்டில் கயிறு தளர விட்டுத் துள்ளுநடை (மெதுவோட்டம்) விடச் சொன்னோம், சத்தம் ஒரே சீராக விழவில்லை, வலது காலை ஊன்றும் ஒவ்வொரு தரமும் தலை மேலே போனது. வலிக்கிற முன்னங்கால் மண்ணைத் தொடும்போது தலையைத் தூக்கும், நல்ல காலில் இறக்கும். மண்ணில் ஓட்டினால் தெரியாது, கெட்டித் தரையில்தான் தெரியும். இன்னொன்று முதல் நாள் துள்ளிக்கொண்டிருந்தது, இன்று கீழுதடு தொங்க அரைத்தூக்கத்தில் நின்றது. மயக்க மருந்து கொடுத்திருப்பார்களோ என்று அதை விட்டு நகர்ந்துவிட்டோம். சந்தையில் ஒரே குதிரையை வேறு வேறு நாளில், வேறு வேறு நேரத்தில், சொல்லாமல் போய்ப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

வரிசையின் கடைசியில், வேப்பமரத்தடியில் ஒரு செவலைப் பெட்டை. கத்தியவார் கலப்பு, 14 கை உயரம்கூட முழுசாக இல்லை. தேனிப் பக்கம் தென்னந்தோப்புக் காவலுக்கு ஏறிப் போன குதிரையாம், தோப்பை விற்றுவிட்டதால் இதையும் விற்க வந்திருக்கிறார் ஒரு பெரியவர். புதன்கிழமை தார்ப்பாய் கிழிந்து பக்கத்திலேயே விழுந்தபோது தின்பதை நிறுத்தாமல் நின்றது இதுதான், சித்தப்பாவின் டைரியில் முதல் பெயர்.

யாரும் அதன் பக்கம் வராததற்குக் காரணம் இடது கண்ணுக்குக் கீழே இருக்கும் சுழி. கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் வளர்க்கிற வீட்டில் கண்ணீர் என்று ராஜஸ்தானிலிருந்து நம் ஊர் வரை சொல்வார்கள். கழுத்தில் நீளமாக இறங்கும் சுழிக்கு அங்கே தேவமன் என்று பெயர், அது இருந்தால் விலை ஏறும். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பிக்கை இல்லாதவர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும், நாளைக்கு இதை விற்கப் போனால் இதே சந்தை இதே சுழியைக் காட்டி இதே மாதிரி விலையைக் குறைக்கும். வைத்துக்கொள்வதற்கு என்றால் மட்டும் வாங்கலாம். சித்தி போனில் "வேற குதிரையே கெடைக்கலையா" என்று கேட்டு, அப்புறம் சித்தப்பாவின் குரலைக் கேட்டுவிட்டு, "சரி, உங்க இஷ்டம், விழாம வந்தாச் சரி" என்றார்.

பல் பார்த்தோம். பெரியவர் ஆறு வயது என்றார். கீழ்வரிசை முன்பற்களில் மேல்பக்கம் குழி இருக்கும், நடுப்பல்லின் குழி 6 வயதிலும் அடுத்தது 7லும் ஓரப்பல்லுடையது 8லும் தேய்ந்து மறையும். இதற்கு எல்லாமே மறைந்து வழவழவென்று இருந்தது. உதட்டைத் தூக்கி மேல்வரிசை ஓரப்பல்லைப் பார்த்தேன். ஈறிலிருந்து பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது, ஒரு நெல் நீளத்துக்கு. அந்தக் கோடு 10 வயதில் ஈறோரம் எட்டிப் பார்க்கும், 15இல் பாதிப் பல்லுக்கு வரும், 20இல் முழுப் பல்லுக்கும் இறங்கிவிடும். ஆக, இதற்கு 11, 12 இருக்கும். சித்தப்பா சிரித்துக்கொண்டே, "ஆறுன்னா வேண்டாம்னு போயிருப்பேனுங்க, பன்னெண்டுன்னா எடுத்துக்கறேன்" என்றார். தடத்துக்கு இந்த வயதுதான் வேண்டும், பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்து அடங்கிய வயது. ஒழுங்காக வைத்துக்கொண்டால் இன்னும் எட்டுப் பத்து வருஷம் ஏறலாம்.

நாலு காலையும் நானே தூக்கினேன், மறுக்காமல் கொடுத்தது. குளம்பு கறுப்பு, விளிம்பில் விரிசல் இல்லை. அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தைப் பகுதியைக் குளம்புக் கொக்கியால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன், அழுகின வாடை கொஞ்சமும் இல்லை. லாடம் பின்னங்காலில் தேய்ந்து போயிருந்தது, முன்னங்காலில் சரியாக இருந்தது. தையற்கடை டேப்பால் நெஞ்சுச் சுற்றளவு அளந்தோம், 162 செண்டிமீட்டர். தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம் 152. சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும், ஏறக்குறைய 336 வந்தது. ஏறும் ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், 67 கிலோ. சித்தப்பா 58, சேணம் 7. சரியாக இருக்கிறது. 80 கிலோ ஆளுக்கு இந்தக் குதிரையைத் தரக் கூடாது, தந்தால் முதுகு போய்விடும்.

அப்புறம் வெளியே கொண்டுபோய்ப் பார்த்தோம். வெற்றிலைத் தோட்டங்களைத் தாண்டி ஏரிக்குப் போகும் மண் பாதையில், மற்ற குதிரைகளை விட்டுத் தனியாக. முதலில் பெரியவரையே ஏறச் சொன்னோம். சொந்தக்காரர் ஏறத் தயங்கும் குதிரையில் நாம் ஏறக் கூடாது. அப்புறம் சித்தப்பா ஏறினார், ஏறி முடிக்கும் வரை கால் நகர்த்தாமல் நின்றது. நான் பின்னால் நடந்தேன். டிராக்டர் ஒன்று டிரெய்லரோடு வந்தது, ஒதுங்கி வழிவிட்டது. நாய் இரண்டு குரைத்துக்கொண்டு வந்தன, காது மட்டும் பின்னால் போனது. சின்ன வாய்க்காலில் தண்ணீரைக் குனிந்து முகர்ந்துவிட்டு இறங்கிக் கடந்தது. கரை இறக்கத்தில் பின்னங்காலைக் கீழே மடக்கி ஊன்றி மெதுவாக இறங்கியது, ஓடவில்லை. திரும்பி வரும்போது உன்னிப் புதரிலிருந்து மயில் ஒன்று சடசடவென்று எழும்பிப் பாதைக்குக் குறுக்கே பறந்தது. நான்தான் பதறினேன். குதிரை நின்றது, கழுத்தைத் தூக்கி அது போன திசையைப் பார்த்தது, மூக்கால் பெருமூச்சு விட்டது, சித்தப்பா சொல்லும் முன்பே நடக்கத் தொடங்கியது.

மயிலுக்குப் பயப்படக் கூடாது என்று யாரும் கேட்கவில்லை. பயந்து என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. பயந்தால் நிற்கிற குதிரை வேண்டும், சுழல்கிறதும் ஓடுகிறதும் வேண்டாம்.

கால் மணி நேரம் துள்ளுநடை விட்டு நாடி பார்த்தோம். தாடைக்குக் கீழே உள்பக்கம் விரலை வைத்தால் கயிறு மாதிரி ஒரு ரத்தக்குழாய் உருளும். ஓடுவதற்கு முன் நிமிஷத்துக்கு 38, ஓடி நின்றதும் 96, பத்து நிமிஷம் நிழலில் நின்றதும் 56. ஓய்வில் 28 முதல் 44 வரை இருப்பது சரியான கணக்கு. பத்து நிமிஷத்தில் 60க்குக் கீழே வந்துவிட்டால் மூச்சும் நெஞ்சும் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

95,000 சொன்னார், 68,000க்கு முடிந்தது. துண்டு போடவில்லை, வாயிலேயே பேசினோம். ரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை 8,000 பிடித்து வைக்கிறோம், நோய் என்று வந்தால் திருப்பித் தர வேண்டும் என்று வெள்ளைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பெரியவருக்கு முதலில் அது பிடிக்கவில்லை, காரணம் சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

சனி

அந்தக் காரணம் கிளாண்டர்ஸ். குதிரை, கழுதை, கோவேறு கழுதைக்கு வரும் பாக்டீரியா நோய், மனிதருக்கும் தொற்றும், நோய் வந்த குதிரையை மருந்து கொடுத்துக் காப்பாற்றுவது என்பது கிடையாது. 2009ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி நோய் உறுதியான குதிரையைக் கருணைக்கொலைதான் செய்ய வேண்டும். முடிவான பரிசோதனை ஹரியானாவில் ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தில் நடக்கிறது. மூக்கில் கெட்டியாகச் சளி, தோலில் வரிசையாகக் கட்டிகள், உடைந்து ஆறாத புண் என்று இருந்தால் கிட்டவே போகாதீர்கள். ஆனால் ஒன்றுமே வெளியே தெரியாமலும் இருக்கும், அதனால்தான் ரத்தம். ஈ கடித்துப் பரவும் சர்ரா நோய்க்கும் அதே ரத்த மாதிரியில் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். கால்நடை மருத்துவர் காலையில் வந்து ரத்தம் எடுத்தார், காலை ஒரு நிமிஷம் மடக்கிப் பிடித்து உடனே ஓடவிட்டுப் பார்த்தார், பின்னங்கால் மூட்டு லேசாக இறுக்கம், வயதுக்குச் சரிதான் என்றார். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்று. இந்தச் செலவையும் குதிரை விலையோடு சேர்த்துத்தான் வைக்க வேண்டும், விட்டுவிட்டால் பின்னால் பத்து மடங்காக வரும்.

வண்டி வரும் வரை மாட்டுப் பக்கம் போய் வந்தேன். பர்கூர் மலை மாடுகள், செவலையில் வெள்ளைத் திட்டு, கண்ணில் ஒரு துடி. காங்கேயம் காளைகளைப் பார்த்ததும் எங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். இதைப் பற்றித் தனியாக எழுதலாம், இப்போது வேண்டாம்.

லாடக்காரர் ஒருவரிடம் நம்பர் வாங்கியிருக்கிறேன், இந்தப் பயணத்தில் கிடைத்ததில் பெரியது அதுதான் என்று சித்தப்பா சொல்கிறார். மாட்டுக்கு லாடம் கட்டுகிறவர்கள் கிடைப்பார்கள், குதிரைக் குளம்பைச் செதுக்கத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டில் வருஷாவருஷம் கடல் வழியாக ஆயிரக்கணக்கில் குதிரை இறங்கியும் அவற்றைப் பேணத் தெரிந்தவர்களும் லாடம் அடிப்பவர்களும் இல்லாமல் பெரும்பாலானவை செத்துப்போயின என்று எழுதியிருக்கிறார். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தரம் குளம்பு செதுக்க ஆள் உறுதியாகாமல் யாரும் குதிரைக்கு அச்சாரம் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

ஏற்றும்போது செவலைப் பெட்டை பலகையில் கால் வைத்துச் சத்தம் கேட்டு ஒரு தரம் பின்வாங்கியது. பெரியவர் கயிற்றை இழுக்காமல் பக்கத்தில் நின்று நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார், தானாக ஏறியது. "சாயங்காலம் கொஞ்சம் வெல்லம் குடுங்க, பழக்கம்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

ஞாயிறு, காங்கேயம்

வந்து சேர்ந்துவிட்டது. தண்ணி குடித்தது, சாணி சரியாகப் போட்டது. ரத்த முடிவு வரும் வரை தொழுவத்தில் கட்டாமல் தென்னைக்கு அடியில் தனியாகத்தான், அதற்குத் தனி வாளி, தனித் தொட்டி. சித்தி வந்து கண்ணுக்குக் கீழே சுழியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து வெல்லம் கொண்டுவந்தார்.

ஒரு வாரத்துக்கு ஏறப்போவதில்லை, கையில் பிடித்து இட்டேரியில் நடத்திப் பழக்கப்போகிறார் சித்தப்பா. இப்போது இருக்கும் ஒரே சிக்கல் சேணம். சுல்தானுடையது ஒடுங்கிய முதுகுக்குச் செய்தது, இதற்கு வைத்துப் பார்த்தால் தோள்பட்டைமேல் இரண்டு பக்கமும் அழுத்துகிறது, அப்படியே போட்டு ஓட்டினால் ரெண்டு நாளில் புண்ணாகிவிடும். முன்கமான் (தோள்மேல் வளைந்து நிற்கும் முன்பகுதி) அகலமான, எடை குறைந்த பழைய சேணம் ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் யாரிடமாவது விற்க இருந்தால் எழுதுங்கள். உள்ளே இருக்கும் மரக்கட்டு உடையாமல் இருந்தால் போதும், தோல் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.